ஒரு வீட்டுக்கு ஒருத்தர்

சண்டையை மதியச் சாப்பாட்டு நேரத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தது என் வீட்டுக்காரர்தான். காலையில் போட்டால் மெஷின் சத்தத்தில் பாதிப் பேர் காதில் விழாது. சாயங்காலம் போட்டால் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் யாரும் நின்று கேட்கமாட்டார்கள் என்றார். எதையும் அளந்து வெட்டியே பழகியவர். அட்டைப்பெட்டி கம்பெனியில் கட்டிங் மெஷின் அவர் பொறுப்பு. அவர் வெட்டித் தள்ளுகிற அட்டைகளை மடித்துப் பசை தடவி ஒட்டுவது என் மேஜையில் நடக்கிற வேலை. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு தள்ளுவண்டி போய்வருகிற தூரம்தான். வீட்டில் பேசிக்கொண்டதைவிட அந்த வண்டிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று பேசிக்கொண்டதுதான் அதிகமாக இருக்கும். அப்படிப்பட்ட நாங்கள் ஊரறியச் சண்டை போட்டுப் பிரிவதாக ஏற்பாடு.

ஏன் என்று சொல்ல வேண்டுமானால் பிரிட்ஜ் பெட்டியிலிருந்து தொடங்கவேண்டும். நாட்டில் வியாபாரம் படுத்துவிட்டது என்பதை மற்றவர்கள் செய்தி பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். நாங்கள் பெட்டியைப் பார்த்துத் தெரிந்துகொண்டோம். தெரிந்துகொண்டோம் என்பதும் பெரிய வார்த்தை; பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் நின்றது பிரிட்ஜ் பெட்டி. ஆள் உயரம் இருக்கும் அந்த அட்டைகளை மடக்கி மடக்கி எங்கள் எல்லாருக்கும் மணிக்கட்டு போயிருந்தது. அதனால் ஆர்டர் வரவில்லை என்றதும் சந்தோஷம்தான் பட்டோம். எங்கள் மேஜையில் எல்லாரையும்விட உயரமானவளுக்கு நெட்டை என்று பெயர். அவள் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி உதறி, "அப்பாடா, கை பொழச்சுது" என்றாள். நானும் சிரித்தேன். அந்த பிரிட்ஜ் கம்பெனியில்தான் என் தம்பி கதவு மாட்டும் வேலையில் இருந்தான் என்பது சிரிக்கும்போது எனக்கு உறைக்கவில்லை.

அப்புறம் இஸ்திரிப் பெட்டிக்குச் செய்கிற பெட்டி நின்றது. விளையாட்டுச் சாமான்கள், அதற்குப் பின் செருப்பு. பிஸ்கட் கம்பெனிக்காரர்கள் பெட்டியை ஒரு விரல்கடை ஒடுக்கச் சொன்னார்கள். மேலே அச்சடித்திருந்த குழந்தை மட்டும் பழைய அளவிலேயே சிரித்தது. மருந்துப் பெட்டி குறையவே இல்லை. தினமும் வந்த லாரி ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தது, பிறகு எப்போது வரும் என்று வாட்ச்மேனைக் கேட்கவேண்டியதாயிற்று. எங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த சலூன்காரர், "முடி வளர்றது நிக்கல, ஜனங்க வர்றதுதான் நின்னுபோச்சு" என்று சொல்லிக்கொண்டு ஷட்டரைப் பாதிதான் தூக்குவார். யாரும் எதையும் ஒரேயடியாக நிறுத்திவிடவில்லை. ஆளுக்கு ஒன்றை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்தார்கள், அவ்வளவுதான். நாங்கள்கூட மகளுக்கு வாங்கவேண்டிய செருப்பைத் தள்ளிவைத்தோம். செருப்புப் பெட்டி நின்றுபோனதில் எங்களுக்கும் ஒரு பங்கு உண்டு என்று இப்போது தோன்றுகிறது.

முதலாளி கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் வாயாரத் திட்டிவிட்டாவது ஆறியிருக்கலாம். ஒருநாள் எல்லாரையும் கூப்பிட்டு, சரக்கு ஏற்றும் மேடையில் ஏறி நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினார். "பாதிப் பேர நிறுத்தியாகணும். வேற வழியே இல்ல. ஆனா யார் வீட்டு அடுப்பும் அணையறதுல எனக்குச் சம்மதமில்ல. அதனால ஒரு வீட்டுக்கு ஒருத்தர். யாருங்கறத மாசக் கடைசிக்குள்ள உங்க உங்க வீட்டுல பேசி முடிவு பண்ணிக்கோங்க." நியாயமான பேச்சு. எல்லாரும் கைதட்டினார்கள். என் வீட்டுக்காரரும் தட்டினார். எங்கள் வீட்டில் இரண்டு பேர் என்பது பாதியில்தான் நினைவு வந்திருக்க வேண்டும், தட்டிய கை அப்படியே நின்றது. எங்கள் கம்பெனியில் தனி ஆள் குறைவு. அண்ணன் தம்பி, அம்மா மகன், புருஷன் பெண்டாட்டி என்றுதான் இருப்போம். ஒருவர் சேர்ந்தால் வீட்டிலிருந்து இன்னொருவரையும் கூட்டிவருவது அங்கே வழக்கம். சொந்தக்காரர்கள் என்றால் ஒருத்தருக்காக ஒருத்தர் ஒழுங்காக இருப்பார்கள் என்று முதலாளியே ஆசைப்பட்டுச் சேர்த்ததுதான். மேடையிலிருந்து அவர் இறங்கியதும் ஆண்கள் எல்லாரும் திரும்பிப் பெண்களைப் பார்த்தார்கள். யார் நிற்பார்கள் என்பது அந்தப் பார்வையிலேயே முடிவாகியிருந்தது.

வாடகைக்கு ஒரு சம்பளம், வயிற்றுக்கு ஒரு சம்பளம் என்று ஓடிக்கொண்டிருந்த குடும்பம் எங்களுடையது. இதில் எதை விடுவது? அன்று பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கும்போது அவர் சொன்னார்: "ஒரு வீட்டுக்கு ஒருத்தர்னுதானே சொன்னார். நாம ரெண்டு வீடா ஆயிட்டா?"

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மகள் சாப்பிட்டுத் தூங்கியபிறகு சமையலறையில் உட்கார்ந்து திட்டம் போட்டோம். எதற்காகச் சண்டை போடுவது என்பதுதான் பெரிய சண்டையாகிவிட்டது. குடி என்று சொல்லலாமென்றால் அவர் டீயையே அரை கிளாஸுக்கு மேல் குடிக்காதவர், யாரும் நம்பமாட்டார்கள். "வேற பொம்பள சகவாசம்னு சொல்லேன்" என்றார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "உங்களுக்கா?" என்று கேட்டுவிட்டேன். அவர் முகம் கொஞ்சம் வாடியதைப் பார்த்து இன்னும் சிரித்தேன். கடைசியில், என் தையல் மெஷினை என்னைக் கேட்காமல் விற்றுவிட்டார் என்பதைப் பிடித்துக்கொள்வது என்று முடிவாயிற்று. விற்றது உண்மை, இரண்டு பேரும் சேர்ந்துதான் விற்றோம். அவர் சாப்பாட்டைக் குறை சொல்லி ஆரம்பிப்பார், நான் தையல் மெஷினை எடுப்பேன், இனி உங்களோடு இருக்கமாட்டேன் என்று நான் முடிப்பேன். ஒருமுறை சொல்லிப் பார்த்தோம். "நீ ரொம்ப மெதுவாப் பேசற" என்றார். கத்திப் பழக்கமில்லாத வீடு, என்ன செய்வது? மகளிடம் மட்டும் சொல்லக்கூடாது என்று தீர்மானித்தோம். பத்து வயது. அவள் காதில் ஒரு விஷயம் விழுந்தால் பள்ளிக்கூடம் முழுக்கச் சுற்றிவிட்டுத்தான் வீடு திரும்பும்.

மறுநாள் மதியம் டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் சொன்னபடியே எழுந்து வந்து, "சாப்பாடா இது?" என்று டப்பாவைத் தள்ளினார். நான் தையல் மெஷினைச் சொன்னேன். "என் வீட்டுச் சாமான், நான் விப்பேன்" என்றார். எல்லாம் பேசிவைத்தபடியே போனது. கட்டிங் ஆட்கள் வாயில் வைத்ததை மெல்லாமல் பார்த்தார்கள். ஆனால் சூப்பர்வைசர் ஜன்னலோரம் நின்று பல் குத்திக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது, 'நடத்துங்க நடத்துங்க' என்கிற மாதிரி. இது போதாது, இன்னும் வேண்டும் என்று தோன்றியது. அடுத்துச் சொல்லவேண்டியது மறந்துபோய் வாயில் வந்தது இதுதான்:

"என் தம்பிய வெளிய அனுப்பினீங்களே, அன்னிக்கே நானும் போயிருக்கணும்."

பிரிட்ஜ் கம்பெனியில் வேலை போனதும் தம்பி ஒரு பையோடு எங்கள் வீட்டுக்குத்தான் வந்தான். வேறு ஏதாவது கிடைக்கும்வரை என்று சொன்னான். மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தான், குழாயின் ஒழுகலை அடைத்தான், இரண்டாம் முறை சோறு வைத்தால் வேண்டாம் என்று தட்டின்மேல் கையை வைத்து மறைத்தான். ஒரு வாரம் போயிருக்கும். ஒரு காலையில் இவர் பல் தேய்த்துக்கொண்டே, "இவன் எப்போ கிளம்பறான்?" என்று என்னிடம் கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார். ஆனால் எங்கள் வீட்டில் மெதுவாகப் பேசினாலும் எல்லாருக்கும் கேட்கும். அன்று வேலை முடிந்து நான் திரும்பியபோது தம்பியின் போர்வை மடித்து வைத்திருந்தது. அன்றிலிருந்து அவன் போன் அணைந்தே கிடக்கிறது. எந்த ஊரில் இருக்கிறான் என்றுகூடத் தெரியாது. இதைப்பற்றி நான் இவரிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டால் சண்டை வரும், சண்டை வேண்டாம் என்றுதான் கேட்கவில்லை.

இப்போது கேட்டேன். "ஒரு ஆள் படுக்க இடமில்லாமலா போச்சு? எங்க கெடக்கறானோ, சாப்பிட்டானோ இல்லையோ! ஒரு மாசம் உங்களால பொறுக்க முடியலையே!" என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. மெதுவாகப் பேசுகிறேன் என்ற குறை அன்றோடு தீர்ந்தது. அவர் பதில் சொல்லவேண்டிய இடம். வாயைத் திறந்தபடி நின்றார். பேசிவைக்காததைப் பேசுகிறாளே என்ற திகைப்பா, வேறு எதுவுமா என்று எனக்குப் புரியவில்லை. பிறகு திரும்பி மெஷின் பக்கம் போய்விட்டார். சூப்பர்வைசர் பல்குத்தியைக் கீழே போட்டுவிட்டு, "விடும்மா, விடும்மா" என்று என்னருகே வந்தார்.

அன்று சாயங்காலமே நெட்டையின் அறைக்குப் போனேன். அவள் தனி ஆள். கல்யாணம் பண்ணிக்கொள்ளாததற்கு முதல்தடவையாக ஒருத்தர் சம்பளம் கொடுக்கிறார் என்று சொல்லிச் சிரிப்பவள். அவளிடம்கூட உண்மையைச் சொல்லவில்லை. கட்டிலை எனக்குக் கொடுத்துவிட்டுத் தான் கீழே படுத்தாள்; கால் கதவுவரை நீண்டிருக்கும். சாப்பிடு சாப்பிடு என்று அவள் என் பக்கம் தள்ளிவைத்ததையெல்லாம் பொய்யோடு சேர்த்து விழுங்கினேன். கம்பெனியில் ஒட்டும் மேஜை முழுக்க என் கட்சி, கட்டிங் ஆட்கள் எல்லாம் அவர் கட்சி. தள்ளுவண்டியைக்கூட மூன்றாம் ஆள்தான் இழுத்து வந்தான். நெட்டை சொந்தமில்லை, புருஷன் அடுப்பு வேறு உன் அடுப்பு வேறு என்றால் தனி வீடுதான் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். மாதக் கடைசியில் பாதிப் பேர் போனபோது எங்கள் இருவருக்கும் வேலை தங்கியது.

வியாழக்கிழமைகளில் ஆஸ்பத்திரியில் சந்தித்துக்கொள்வோம். வெளிநோயாளிகள் காத்திருக்கும் கூடம். ஏன் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று யாரும் கேட்காத இடம் அதுதான் என்று அவர் கண்டுபிடித்திருந்தார். ஆரம்பத்தில் நன்றாகத்தான் இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால்கூட இப்படி ஒளிந்து ஒளிந்து பார்த்ததில்லை. மகள் சாப்பிட்டாளா, சட்டைப் பித்தான் தைத்தாயிற்றா என்று கேட்பேன். அவர் வாயை மூடிக்கொண்டு இருமிக்காட்டி, நோயாளி மாதிரி பதில் சொல்வார். சிரிப்பேன். மகளை அவ்வப்போது பள்ளிக்கூட வாசலில் பார்ப்பேன். எப்போது வருவாய் என்று கேட்டால் சொல்வதற்கு ஒரு பொய்யைத் தயாராகக் கொண்டுபோவேன். அவள் கேட்கவே இல்லை. பொய்யை அப்படியே திருப்பிக் கொண்டுவருவேன்.

ஒரு வியாழக்கிழமை, பக்கத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, "அன்னிக்கு அதச் சொல்லியிருக்க வேணாம்" என்றார்.

"நடிப்புதானே" என்றேன்.

அவர் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "எனக்குப் பயமா இருந்துச்சு. ரெண்டு சம்பளத்துல ஒண்ணு போனா என்னன்னு அப்பவே பயம். அவன் இருந்த ஒரு வாரமும் நான் அவன் தட்டத்தான் பாத்துட்டு இருந்தேன்."

இப்படி ஒரு வார்த்தையைக் கேட்டபிறகு ஒருத்தியால் என்ன செய்யமுடியும்? கோபப்பட்டிருக்கலாம், பயந்தவனைக் கோபித்து என்ன ஆகப்போகிறது. சமாதானமாகியிருக்கலாம்; தட்டின்மேல் தம்பி வைத்து மறைத்த கை கண்ணுக்குள் வந்து நின்றது. அவன் வயிறு நிறைந்து மறைத்ததாகத்தான் நான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். நோயாளிகள் சீட்டுப் போட்டுக்கொண்டு உள்ளே போனார்கள், வந்தார்கள். அடுத்த வியாழக்கிழமை எனக்குத் தலைவலி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போகாமல் இருந்துவிட்டேன். அதற்கடுத்த வாரம் போனேன், அவர் வரவில்லை.

அதற்குள் எங்களைப் பார்த்து மற்றவர்களும் கற்றுக்கொண்டிருந்தார்கள். இன்னும் கொஞ்சம் பேரை நிறுத்தவேண்டும், முதல் தடவை ஆள் போதாமல் விட்டுவைத்திருந்த இரண்டு சம்பள வீடுகளைப் பார்க்கப்போகிறார்கள் என்று பேச்சு வந்ததுமே எங்கள் கம்பெனியில் குடும்பங்கள் சடசடவென்று உடையத் தொடங்கின. அச்சுப்பிரிவு அண்ணன் தம்பி இரண்டு பேரும் கேட்டருகே சட்டையைப் பிடித்துக்கொண்டு உருண்டார்கள். உருளும்போது அண்ணன் தம்பியின் கண்ணாடியைக் கழற்றிப் பத்திரமாகத் தன் பையில் போட்டுக்கொண்டதை எல்லாரும் பார்த்தோம். ஒரு அம்மா தன் மகனைப் பெற்றதே தப்பு என்று அழுதுவிட்டு, சாயங்காலம் அவனுக்குக் குடை கொடுத்தனுப்பினாள். முதலாளிக்கும் புரிந்துவிட்டது. விடிந்தும் விடியாமலும் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் போய்த் தட்டிப் பார்த்துவரச் சொல்லி சூப்பர்வைசரை அனுப்பினார். அண்ணன் தம்பி வீட்டின் நடுவே பிளைவுட் தடுப்பு இருந்தது; தடுப்பில் ஒரு கதவும் இருந்தது. மகனைப் பெற்றது தப்பு என்ற அம்மா அவனுக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். எல்லா வீட்டிலும் ஒருத்தருக்கு வேலை போயிற்று.

மறுநாள் சூப்பர்வைசர் என் மேஜைக்கு வந்தார்.

"உன் வீட்டுக்கும் போனேம்மா. உன் பொண்ணுதான் கதவத் தெறந்தா. அம்மா எப்போ வருவாங்கன்னு கேட்டேன். 'அம்மா வர மாட்டாங்க சார்'னா. அழக்கூட இல்ல. அடுப்புல என்னவோ வெச்சிருந்தா, அது அடிபிடிக்கப்போகுதுன்னு திரும்பிப் போய்க் கிண்டினா." என் பசை வாளியைக் காலால் ஓரமாகத் தள்ளிவைத்தார். "எனக்கு மனசே சரியில்லம்மா. நீ கவலைப்படாத, உங்க ரெண்டு பேர் வேலைக்கும் நான் பொறுப்பு. இந்தக் கம்பெனியில நெஜமாப் பிரிஞ்சவங்க நீங்க ரெண்டு பேருதான்."

ஜெயித்துவிட்டோம். அதற்குத்தானே எல்லாம். பசையைத் தொட்ட பிரஷ் கையிலேயே காய்ந்துபோகும்வரை நின்றிருந்தேன். மதியம் நெட்டையின் அறைக்கு ஓடிப்போய் என் பையை எடுத்துவந்து மேஜைக்கடியில் வைத்துக்கொண்டேன். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். "அதுக்கா இத்தனை நாளாத் தரையில படுத்தேன்? முதுகு போச்சுடி" என்று மட்டும் சொன்னாள்.

சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் கட்டிங் ஆட்களோடு அவர் நின்றிருந்தார். சூப்பர்வைசரும் அங்கேதான் நின்றார். நான் பையோடு நேராகப் போய், "வீட்டுக்குப் போலாங்க" என்றேன். எல்லாருக்கும் கேட்கும்படிதான் சொன்னேன். கத்துவதற்கு இப்போது பழகியிருந்தது.

"எல்லாரும் பாக்கறாங்க" என்றார், உதடு அசையாமல்.

"பாக்கட்டும்."

அவர் சூப்பர்வைசரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு கையை நீட்டிப் பையை வாங்கிக்கொண்டார். பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். நாளைக்கு எங்களில் ஒருவர்தான் இந்த பஸ்ஸில் வரமுடியும். யார் என்று இரண்டு பேருக்குமே தெரியும். வழியெல்லாம் மூடிக்கிடந்த கடைகளை அவர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பார்த்துக்கொண்டு வந்தோம்.

மகள்தான் கதவைத் திறந்தாள். ஓடிவந்து கட்டிக்கொள்வாள் என்று நினைத்திருந்தேன். அவள் என்னைப் பார்த்தாள், அவர் கையிலிருந்த பையைப் பார்த்தாள். நான் உள்ளே போய் முட்டி போட்டு உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். சண்டையெல்லாம் சும்மா, இரண்டு பேருக்கும் வேலை இருக்கவேண்டும் என்று செய்த நாடகம், ஒன்றும் நிஜமில்லை என்று சொன்னேன்.

"தெரியும்" என்றாள். "அன்னிக்கு நான் தூங்கல. சமையலறையில நீங்க பேசினதெல்லாம் கேட்டுச்சு. தையல் மெஷின், சாப்பாட்டு டப்பா, எல்லாம்."

எனக்கு மூச்சு வந்தது. என்னைவிட, அவரைவிட இவளல்லவா நடித்திருக்கிறாள்! "அதனாலதான் சூப்பர்வைசர்கிட்ட அம்மா வர மாட்டாங்கன்னு சொன்னியா? எங்களுக்காகவா?"

"இல்லம்மா." கையை உருவிக்கொள்ளப் பார்த்தாள், நான் விடவில்லை. "நீ மாமாவப் பத்திக் கத்தினேன்னு உங்க கம்பெனிக்கு வர்ற பக்கத்து வீட்டு அக்கா சொன்னாங்க. அது நீங்க பேசி வெச்சதுல இல்லையே. அதனால அது மட்டும் நெஜம்னு நெனச்சேன். நெஜமாவே நீ வர மாட்டேன்னு நெனச்சேன்."

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக வாசலில் நின்றிருந்தார். எல்லாம் அவர் காதில் விழுந்திருந்தது. மகள் அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே வாங்க என்று யாராவது சொல்லவேண்டியிருந்தது. பை கனமானது. அதைக் கீழே வைக்காமல், இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு அவர் அங்கேயே நின்றார்.